ஒரு காபி வாக்கியத்தில் எஸ்பெராந்தோ இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்பெராந்தோ படிக்கத் தொடங்கும் தமிழர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றில் பாதி, அந்த மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வருகிறவை. ஆங்கிலம் பேசுகிறவருக்கு எது புதிதோ அதைப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழ்க் காதுக்கு எது இடறுமோ அதைத் தொடுவதே இல்லை. அதனால் வீட்டில் புழங்கும் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அதைச் சுற்றியே பதில்களை எழுதியிருக்கிறேன். வாக்கியம் இது:

"மீயா பத்ரீனோ ச்சியுமத்தேனே த்ரின்காஸ் வார்மான் காஃபோன் என் லா குயிரேயோ."

என் அம்மா தினமும் காலையில் சமையலறையில் சூடான காபி குடிக்கிறாள்.

எஸ்பெராந்தோ சொற்களை இரட்டை மேற்கோளிலும் தமிழ்ச் சொற்களை ஒற்றை மேற்கோளிலும் தருகிறேன்.

எஸ்பெராந்தோ எந்த நாட்டு மொழி? ஒருத்தர் உட்கார்ந்து உருவாக்கினது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். உருவாக்கியவர் லுத்விக் லாசர் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர். 1859-இல் பியாலிஸ்டாக் நகரில் பிறந்தவர். இன்று போலந்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. யூதர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யர்கள், ஜெர்மானியர்கள் என்று ஆளுக்கொரு மொழி பேசி ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த ஊர் அது. எல்லாருக்கும் இரண்டாவது மொழியாக, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்ததற்கு அந்தச் சூழல் ஒரு காரணம்.

1887-இல் வார்சாவில் முதல் நூல் வெளிவந்தது. புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ'. அந்தப் பெயரே பிறகு மொழிக்கு நின்றுவிட்டது. 1905-இல் பிரான்ஸின் பூலோன்-சுர்-மேர் நகரில் முதல் உலக மாநாடு நடந்தது. எந்த நாட்டுக்கும் உரிய மொழியாக அது இல்லை. ஆனால் பல நாடுகளில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்தே வீட்டில் அதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளும் உண்டு.

தமிழ் எழுத்தில் படித்தால் உச்சரிப்பு சரியாக வருமா?

முழுதாக வராது, ஆனால் கிட்டத்தட்ட வரும். அசலில் 28 லத்தீன் எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. இங்கே நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். சொல்லின் முதலில் வரும் க, த, ப எல்லாம் வல்லொலி. உயிர்களுக்கு நடுவே வல்லொலி வேண்டுமானால் இரட்டித்திருப்பேன்: "காத்தோ" (பூனை). ஒற்றையாக இருந்தால் மெல்லொலி: "வீதாஸ்" (பார்க்கிறது) என்பதில் 'நதி'யில் வரும் த. "ன்க", "ன்த" என்று எழுதினால் வல்லொலி; "ந்த" என்று எழுதினால் 'பந்து' மாதிரி. ஆகவே "த்ரின்காஸ்" என்பதை 'த்ரிங்காஸ்' என்று படித்துவிடாதீர்கள்.

அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்: பத்-ரீ-னோ, குயி-ரே-யோ. விதிவிலக்கு கிடையாது. இன்னொன்று, சொல்லின் கடைசியில் வரும் உகரம். 'பாக்கு' என்பதில் குறுகி ஒலிக்கும் உகரம் அங்கே இல்லை. 'பசு' என்பதில் உதட்டைக் குவித்துச் சொல்கிறோமே, அந்த முழு உகரம்தான்.

அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுங்களேன்?

"மீயா" என்றால் 'என்'. "பத்ரீனோ" அம்மா. "ச்சியுமத்தேனே" என்பது 'ஒவ்வொரு', 'காலை' என்ற இரண்டும் சேர்ந்து வினையடை ஆனது. "த்ரின்காஸ்" குடிக்கிற செயல், நிகழ்காலம். "வார்மான்" சூடான. "காஃபோன்" காபியை. "என்" என்றால் 'இல்' என்ற இடப்பொருள். "லா" என்பது குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் சிறு சொல். "குயிரேயோ" சமையலறை.

இந்த ஒன்பது சொற்களில் பெயர், பெயரடை, வினையடை, வினை, காலம், செயப்படுபொருள், இடம், சொல்லாக்கம் எல்லாம் வந்துவிட்டன. பன்மை மட்டும் இல்லை; அதைக் கீழே சேர்த்துக்கொள்வோம்.

கடைசி எழுத்தைப் பார்த்தே சொல்லின் வகையைக் கண்டுபிடிக்கலாமாமே?

ஆமாம், இந்த மொழியின் உயிர்நாடி அதுதான். "வார்ம்" என்பது வேர். "வார்மோ" என்றால் சூடு, "வார்மா" என்றால் சூடான, "வார்மே" என்றால் சூடாக. பெயருக்கு -ஓ, பெயரடைக்கு -ஆ, வினையடைக்கு -ஏ. தமிழில் நாம் சூடு, சூடான, சூடாக என்று செய்வதும் இதேதான். அழகு, அழகான, அழகாக. வேகம், வேகமான, வேகமாக. பள்ளியில் யாரும் சொல்லித் தராமலே நமக்கு இந்த அமைப்பு நாக்கில் இருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நம்மைத் தவறாக இழுக்கும். 'காபி சூடாக இருக்கிறது' என்று நாம் வினையடையைப் போடுவோம். எஸ்பெராந்தோவில் அங்கே பெயரடைதான்: "லா காஃபோ எஸ்தாஸ் வார்மா". எந்தப் பொருளையும் எழுவாயாகச் சொல்லாமல் பொதுவாக 'வெக்கையாக இருக்கிறது' என்றால்தான் "எஸ்தாஸ் வார்மே". எது சூடு என்று கேட்டால் ஒரு பொருளைக் காட்ட முடியுமா? முடியும் என்றால் -ஆ போடுங்கள்.

"லா", "என்" போன்ற சின்னச் சொற்களுக்கு இந்த ஈற்று விதி கிடையாது. அவை எப்போதும் அப்படியே நிற்கும்.

வினைச்சொல்லில் 'கிறேன், கிறாய், கிறாள்' எல்லாம் எங்கே போச்சு?

இல்லவே இல்லை. "மி த்ரின்காஸ்" நான் குடிக்கிறேன், "வி த்ரின்காஸ்" நீ குடிக்கிறாய், "ஷி த்ரின்காஸ்" அவள் குடிக்கிறாள், "ஈலி த்ரின்காஸ்" அவர்கள் குடிக்கிறார்கள். வினை அசையாது. அதற்கு ஒரு விலை உண்டு: தமிழில் 'குடிக்கிறேன்' என்றாலே யார் என்று தெரிந்துவிடும், அங்கே "மி" என்பதை விட முடியாது. தமிழர் எழுதும் எஸ்பெராந்தோவில் நான் அதிகம் திருத்துவது இந்தக் காணாமல் போன "மி"யைத்தான்.

காலத்துக்கு மூன்று ஈறுகள். "த்ரின்காஸ்" நிகழ்காலம், "த்ரின்கிஸ்" இறந்தகாலம், "த்ரின்கோஸ்" எதிர்காலம். இவற்றோடு ஏவலுக்கும் விருப்பத்துக்கும் "த்ரின்கு", நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்ல "த்ரின்குஸ்", வெறும் 'குடிக்க' என்பதற்கு "த்ரின்கி". ஒழுங்கில்லாத வினை என்று ஒன்றுகூட இல்லை.

'தினமும் காலையில் காபி குடிப்பாள்' என்றுதான் வீட்டில் சொல்வோம். அப்படியானால் த்ரின்கோஸ் தானே?

இல்லை, "த்ரின்காஸ்" தான். நல்ல கேள்வி இது, ஆங்கிலவழிப் பாடநூல் எதிலும் இதற்குப் பதில் இருக்காது. தமிழில் எதிர்கால உருவம் இரண்டு வேலை செய்கிறது. 'நாளை குடிப்பாள்' என்பதில் எதிர்காலம். 'தினமும் குடிப்பாள்' என்பதில் வழக்கம். 'சின்ன வயதில் நிறையக் குடிப்பாள்' என்று பழைய வழக்கத்துக்கும் அதையே போடுகிறோம்.

எஸ்பெராந்தோவில் -ஓஸ் உண்மையான எதிர்காலத்துக்கு மட்டும். இன்றும் நடக்கிற வழக்கம் என்றால் -ஆஸ். முன்பு இருந்து இப்போது இல்லாத வழக்கம் என்றால் -இஸ். 'குடித்துக்கொண்டிருக்கிறாள்' என்பதற்கும் பெரும்பாலும் "த்ரின்காஸ்" போதும்.

காஃபோ என்பதுதான் காபி என்றால், காஃபோன் என்று ஏன் ஒரு 'ன்'?

அது நம் 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருளைக் காட்டுவது. "ஹுந்தோ மோர்தாஸ் வீரோன்" என்றால் ஒரு நாய் ஒரு மனிதனைக் கடிக்கிறது. "வீரோன் மோர்தாஸ் ஹுந்தோ" என்று புரட்டிப் போட்டாலும் கடிக்கிறது நாய்தான், கடிபடுகிறவர் மனிதர்தான். 'மனிதனை நாய் கடித்தது' என்று நாம் மாற்றிச் சொல்வதில்லையா, அதே சுதந்திரம்.

ஆங்கிலத்தில் இந்த உருபு பெயர்ச்சொற்களுக்கு இல்லாததால், அந்த வழியில் வரும் பாடங்கள் இதைப் பெரிய மலையாக்கிக் காட்டுகின்றன. 'ஐ' போட்டு வளர்ந்தவர் அந்தப் பயத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

அப்படி என்றால் தமிழருக்கு அது சுலபமாக வரணுமே? நான் எப்போதும் 'ன்' விட்டுவிடுகிறேனே?

காரணம் நம் வாக்கியத்திலேயே இருக்கிறது. 'சூடான காபி குடிக்கிறாள்' என்றுதான் எழுதினேன். 'காபியைக் குடிக்கிறாள்' என்று எழுதவில்லை. உயர்திணையில் உருபை விட மாட்டோம். 'அம்மாவைப் பார்த்தேன்' என்றுதான் சொல்வோம். அஃறிணையில், அதுவும் குறிப்பிட்டு இதுதான் என்று சுட்டாத பொருளில், 'ஐ' மறைந்துவிடும்: காபி குடித்தான், புத்தகம் படித்தான், பாட்டுக் கேட்டான். இலக்கணத்தில் இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார்கள்.

எஸ்பெராந்தோவில் தொகை கிடையாது. மனிதரோ மாடோ காபியோ, செயப்படுபொருள் என்றால் 'ன்' வந்தே தீரும். மனத்துக்குள் 'ஐ' சேர்த்துப் பாருங்கள். 'காபியைக் குடிக்கிறாள்' என்று சொன்னால் பொருந்துகிறதா? அப்படியானால் 'ன்' போடுங்கள். இந்தச் சோதனை பத்தில் ஒன்பது இடத்தில் கைவிடாது.

எதிர்ப்பக்கம் ஒரு கவனம்: "எஸ்தாஸ்" (இருக்கிறது, ஆகும்) என்பதற்குப் பின்னால் 'ன்' வராது. "மீயா பத்ரீனோ எஸ்தாஸ் குயிரிஸ்தீனோ", என் அம்மா சமையல்காரர். தமிழில் இங்கே வினையே இல்லாததால் "எஸ்தாஸ்" என்பதையே மறந்துவிடுகிறவர்களும் உண்டு. அதை விடக்கூடாது.

காஃபோன் சரி. வார்மான் என்று பெயரடைக்கும் ஏன் 'ன்'? 'சூடானை' என்றா சொல்கிறோம்?

சொல்வதில்லை. தமிழ்ப் பெயரடை எதற்கும் அசையாது. அதனால் இது நமக்கு நிஜமாகவே புதிது, பயிற்சியால்தான் பழகும். பெயரடை தான் சார்ந்த பெயரோடு எண்ணிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போக வேண்டும். பன்மைக்கு -ய்: "வார்மாய் காஃபோய்", சூடான காபிகள். அவையே செயப்படுபொருள் ஆனால் "வார்மாய்ன் காஃபோய்ன்". முதலில் பன்மை, பிறகு வேற்றுமை. 'மரங்களை' என்பதில் 'கள்' முன்னும் 'ஐ' பின்னும் வருகிற அதே வரிசை.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பெயரடையைப் பெயரிலிருந்து தள்ளி வைத்தாலும் எதற்கு உரியது என்று தெரியும். "காஃபோன் மீயா பத்ரீனோ த்ரின்காஸ் வார்மான்" என்று அழுத்தத்துக்காகச் சிதறடித்தாலும் சூடு காபியுடையதுதான், அம்மாவுடையது இல்லை.

இந்த 'ன்' தொல்லையை எடுத்துவிடலாம் என்று யாரும் யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள், சாமென்ஹோஃபே யோசித்தார். 1894-இல் அவர் முன்வைத்த சீர்திருத்தங்களில் 'ன்' உருபை எடுப்பதும், பெயரடை ஒத்துப்போகும் விதியை எடுப்பதும் இருந்தன. அப்போது மொழியைப் பயன்படுத்தி வந்தவர்கள் வாக்களித்து, வேண்டாம் என்றார்கள். 1907-இல் 'இதோ' என்ற மாற்று மொழி பிரிந்தபோது அதில் பெயரடை மாறுவதில்லை. செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் 'ன்'. எஸ்பெராந்தோவைப் பொறுத்தவரை 1905-இல் ஏற்கப்பட்ட அடிப்படை நூலை யாரும் தொடக்கூடாது என்பது உடன்பாடு. அந்த உறுதிதான் மொழியைச் சிதறாமல் காப்பாற்றியது என்பது என் கருத்து.

'லா' எப்போது போட வேண்டும்? தமிழில் அப்படி ஒன்றே இல்லையே.

பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் எது என்று தெரிந்திருந்தால் "லா". நம் வாக்கியத்தில் சமையலறை எங்கள் வீட்டுச் சமையலறை, அதனால் "லா குயிரேயோ". காபி ஏதோ ஒரு காபி, அதனால் வெறும் "காஃபோன்". 'ஒரு' என்பதற்கு ஈடாகத் தனிச்சொல் எதுவும் இல்லை. "மீயா" போன்ற உடைமைச் சொல் முன்னால் இருந்தால் "லா" வராது.

சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். இதைப் பயன்படுத்துவது கடினமாக இருந்தால் தொடக்கத்தில் போடாமலே இருக்கலாம் என்று முதல் விதியின் குறிப்பே அனுமதி தருகிறது.

ச்சியுமத்தேனே என்பதற்குப் பதில் 'ச்சீயுன் மத்தேனோன்' என்று ஓர் இடத்தில் பார்த்தேன். காலையைக் குடிக்கிறாளா என்ன?

இரண்டும் சரி, பொருளும் ஒன்றே. 'ன்' செயப்படுபொருளுக்கு மட்டும் உரியது என்றால்தான் குழப்பம் வரும். அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று காலம்: எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதை முன்னிடைச்சொல் இல்லாமல் சொல்லும்போது 'ன்' வரும். 'ஒவ்வொரு காலையும்' என்பதற்கு "ச்சீயுன் மத்தேனோன்".

இன்னொன்று திசை. "என் லா குயிரேயோ" என்றால் சமையலறையில். "மீயா பத்ரீனோ ஈராஸ் என் லா குயிரேயோன்" என்றால் அம்மா சமையலறைக்குள் போகிறாள். ஒரே "என்", 'ன்' சேர்ந்ததும் இல் என்பது உள் என்ற நகர்வாகிவிடுகிறது. தமிழிலும் 'வீட்டை அடைந்தாள்' என்று போய்ச் சேரும் இடத்துக்கு 'ஐ' வருவதை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

'என்', 'ஆல்' என்றெல்லாம் வருகிறதே, படிக்கும்போது தமிழாகவே கேட்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அவர்களுடைய "என்" நம் 'இல்'. அவர்களுடைய "ஆல்" நம் 'க்கு' அல்லது 'இடம்'. நம் 'ஆல்' (கரண்டியால், கையால்) அவர்களுக்கு "பேர்". நாம் உருபைச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறோம். அவர்கள் தனிச்சொல்லாக முன்னால் வைக்கிறார்கள், அந்த இடத்தை மாற்ற முடியாது. "ஆல்" தன்னளவிலேயே திசையைச் சொல்லிவிடுவதால் அதன் பின் 'ன்' தேவையில்லை: "ஆல் லா குயிரேயோ".

அம்மாவுக்கு 'குடிக்கிறார்' என்று மரியாதையாகச் சொல்ல வழி உண்டா?

வினையில் இல்லை. "வி" என்பது நீ, நீங்கள் இரண்டுக்கும் பொது. 'அவர்' என்ற பொதுச்சொல்லும் இல்லை. "லி" (அவன்) அல்லது "ஷி" (அவள்) என்று தேர்ந்தாக வேண்டும். ஆண், பெண் இரண்டும் சுட்டாத ஒரு சொல்லாக "ரி" என்பதைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது அடிப்படை நூலில் இல்லை. 'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் கிடையாது, இரண்டும் "நி". எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொல்கிறோமா என்று அந்த ஒரு சொல்லால் காட்ட முடியாதது எனக்கு இன்னும் குறையாகத்தான் படுகிறது.

பத்ரீனோ என்பது 'அப்பா'விலிருந்து வந்ததாமே. அம்மாவுக்குத் தனிச் சொல் இல்லையா?

"பாத்ரோ" அப்பா, நடுவில் -இன்- சேர்த்தால் "பத்ரீனோ" அம்மா. உறவுச் சொற்களில் ஆண்பால் அடிப்படையாகவும் பெண்பால் ஒட்டுச் சேர்ந்ததாகவும் இருப்பது நியாயமா என்ற விமர்சனம் வெகுகாலமாக இருக்கிறது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் இன்று "குயிரீஸ்தோ" (சமைப்பவர்) போன்ற தொழிற்பெயர்களை இருபாலுக்கும் பொதுவாகவே பலரும் பயன்படுத்துகிறார்கள். உறவுச் சொற்களில்தான் சிக்கல் மிஞ்சியிருக்கிறது.

சொல்லாக்கம் என்று பார்த்தால் மொழியின் செல்வம் இந்த ஒட்டுகளில்தான். "குயீரி" சமைக்க, இடத்தைக் குறிக்கும் -எய்- சேர்த்து "குயிரேயோ" சமையலறை. அதே ஒட்டு "காஃபேயோ" என்பதில் காபிக்கடை ஆகிறது. முன்னால் "மல்" போட்டால் எதிர்ப்பொருள்: "மல்வார்மா" குளிர்ந்த. "வார்மேத்தா" வெதுவெதுப்பான, "வார்மேகா" கொதிக்கக் கொதிக்க. ஒரு வேரைக் கற்றால் பத்துச் சொல் கையில் வருகிறது, அகராதியில் இல்லாததையும் நீங்களே கட்டலாம்.

கேள்வி எப்படிக் கேட்பது?

ஆமா, இல்லையா என்று பதில் வரும் கேள்விக்கு முன்னால் "ச்சு". "ச்சு வீயா பத்ரீனோ த்ரின்காஸ் காஃபோன்?" உன் அம்மா காபி குடிப்பாளா? நம் 'ஆ' செய்யும் வேலை.

எங்கே, எப்போது வகைக் கேள்விகள் இதைவிட அழகு. நமக்கு எ-, அ- என்ற முதலெழுத்து மாற்றம் போல அவர்களுக்கு "கி", "தி". எங்கே, அங்கே: "கீயே, தீயே". எப்போது, அப்போது: "கீயாம், தீயாம்". எவ்வளவு, அவ்வளவு: "கீயோம், தீயோம்". எப்படி, அப்படி: "கீயேல், தீயேல்". அப்புறம் நாம் 'உம்' சேர்த்து எப்போதும், எங்கும் என்பதற்கு "ச்சீயாம், ச்சீயே". 'ஓ' சேர்த்து எப்போதோ, எங்கோ என்பதற்கு "ஈயாம், ஈயே". மொத்தம் 45 சொற்கள், ஐந்து தொடக்கமும் ஒன்பது ஈறும் பெருக்கியது. பாடநூல்கள் இதை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தமிழ் அட்டவணையைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பகுதி தானாகப் பதிந்துவிடும்.

'ஒருபோதும் குடிப்பதில்லை' என்று எழுதினால், இரண்டு எதிர்மறை என்று திருத்தினார்கள். ஏன்?

மேலே சொன்ன ஐந்து தொடக்கங்களில் கடைசியானது "நெனி". "நெனீயாம்" என்றாலே 'ஒருபோதும் இல்லை' என்ற முழு எதிர்மறை அடங்கிவிட்டது. ஆகவே "ஷி நெனீயாம் த்ரின்காஸ் காஃபோன்" என்பதோடு நிறுத்த வேண்டும். தமிழில் 'ஒருபோதும்' தனியாக எதிர்மறை ஆகாது, வினையும் 'குடிப்பதில்லை' என்று மாற வேண்டும். அந்தப் பழக்கத்தில் இல்லை என்று பொருள்படும் "நே" என்பதையும் சேர்த்தால், குடிக்காமல் இருந்ததே இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும்.

காபியை 'வார்மீகாஸ்' என்பதா, 'வார்மீஜாஸ்' என்பதா? இரண்டும் சூடு தானே?

-இக்- நம் 'ஆக்கு', -இஜ்- நம் 'ஆகு'. "லா காஃபோ வார்மீஜாஸ்", காபி சூடாகிறது. "மி வார்மீகாஸ் லா காஃபோன்", நான் காபியைச் சூடாக்குகிறேன். மற்ற மொழிக்காரர்கள் திணறும் இடம் இது. திருந்து, திருத்து, உருகு, உருக்கு, மாறு, மாற்று என்று ஒரு மெய்யெழுத்திலேயே இந்த வேறுபாட்டைக் காட்டும் நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சில வேர்கள் ஏற்கெனவே செயப்படுபொருள் கேட்பவை. "குயீரி" என்றாலே எதையோ சமைப்பது. சோறு தானாக வேகிறது என்று சொல்லத்தான் "குயிரீஜாஸ்". எந்த வேர் எந்த வகை என்பதை வேரோடு சேர்த்தே கற்க வேண்டும், ஈற்றைப் பார்த்துத் தெரியாது.

'ஸீயா', 'ஷீயா' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

"ஸீயா" என்றால் தன். "ஷீயா" என்றால் அவளுடைய. "மீயா பத்ரீனோ த்ரின்காஸ் ஸீயான் காஃபோன்", அம்மா தன் காபியைக் குடிக்கிறாள். "ஷீயான் காஃபோன்" என்றால் வேறு ஒருத்தியின் காபி. 'தன்' என்று வரும் இடத்தில் "ஸீயா" என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. 'தான் காபி குடிப்பதாக அம்மா எழுதினாள்' என்பதில் நம் 'தான்' வெளி வாக்கியத்தின் எழுவாயான அம்மாவைச் சுட்டுகிறது. எஸ்பெராந்தோவில் இந்தச் சொல் தன் உள்வாக்கியத்தைத் தாண்டிப் போகாது, எழுவாயாகவும் நிற்காது. "மீயா பத்ரீனோ ஸ்க்ரீபிஸ், கே ஷி த்ரின்காஸ் காஃபோன்" என்று "ஷி" தான் போட வேண்டும். "கே" என்பது நம் 'என்று'. எழுதியது நேற்று என்றாலும் உள்ளே "த்ரின்காஸ்" மாறாமல் இருப்பதைப் பாருங்கள்: 'குடிக்கிறேன் என்று எழுதினாள்' என்று நாம் சொல்வது போலவே.

'குடித்த அம்மா', 'குடித்த காபி' இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லலாமா?

முடியாது. தமிழ்ப் பெயரெச்சம் 'குடித்த' என்பது குடித்தவருக்கும் குடிக்கப்பட்டதற்கும் பொருந்தும். எது என்பதை நாம் பொருளை வைத்துப் புரிந்துகொள்கிறோம். அங்கே செய்தவருக்கு ஒன்று, செய்யப்பட்டதற்கு ஒன்று. "த்ரின்கீன்தா பத்ரீனோ" குடித்த அம்மா. "த்ரின்கீத்தா காஃபோ" குடித்த காபி. நிகழ்காலத்துக்கு "த்ரின்கான்தா, த்ரின்காத்தா", எதிர்காலத்துக்கு "த்ரின்கோன்தா, த்ரின்கோத்தா". ஆ, ஈ, ஓ என்ற உயிர்கள் முன்பு கால ஈறுகளில் பார்த்தவையே.

மொழியின் பெயரும் இந்த அச்சில் வார்த்ததுதான். நம்பிக்கை கொள்வதற்கான வேர் "எஸ்பேர்". அதோடு -ஆன்த்-, -ஓ சேர்ந்து "எஸ்பெரான்தோ", நம்பிக்கையோடு இருப்பவர். ஆறு வடிவங்களையும் முதல் மாதத்தில் கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை 'மி' வைத்துத்தான் தொடங்கணுமா?

வேண்டாம். "காஃபோ ப்லாச்சாஸ் ஆல் மி" என்று எழுதலாம். காபி எழுவாய், எனக்கு என்பதற்கு "ஆல் மி", நம் வாக்கியம் அப்படியே வந்துவிடுகிறது. காபி எழுவாய் என்பதால் 'ன்' கிடையாது. "மி ஷாத்தாஸ் காஃபோன்" என்பதும் சரியே. அதில் காபி செயப்படுபொருள், 'ன்' உண்டு. இரண்டையும் கலந்துவிடாமல் இருந்தால் சரி. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் இதே போலத்தான்: "தொலோராஸ் ஆல் மி லா காப்போ", முதல் எழுத்து பேச்சில் தோசை என்பதற்குச் சொல்லும் மெல்லிய த.

'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதில் மட்டும் இந்த வழி வேண்டாம். அதற்கு 'உடையவராக இரு' என்ற பொருளில் தனி வினையே உண்டு: "மி ஹாவாஸ் ஃப்ராத்தோன்". தம்பிக்கும் அங்கே 'ன்' வந்துவிடும்.